இந்தக் கப்ரில் இருப்பவர் யார்?



சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, ஜுமுஆ முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த நேரத்தில், இளைஞர் ஒருவர் எங்கள் பள்ளிவாசல் வாயிலில் நின்று வருவோர் போவோரிடமெல்லாம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் பீகாரின் கிஷன்கஞ்ச் மாவட்டத்திலிருந்து வந்தவர். படத்தில் இருந்தவர் அவருடைய தம்பி. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்த்தவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் காய்ச்சலில் இறந்து, எங்கள் ஜமாஅத்தின் மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டவர். அப்போது ஊரிலிருந்து எவராலும் வந்து சேர முடியவில்லை. இப்போது தாயார் படுக்கையில் கிடக்கிறார். மகனின் கப்ரைப் பார்த்து ஸலாம் சொல்லிவிட்டு வரும்படி மூத்த மகனை அனுப்பியிருக்கிறார்.

மோதினாரும் நானும் அவரை மையவாடிக்கு அழைத்துச் சென்றோம். கிழக்குச் சுவரோரம், வெளியூர்த் தொழிலாளர்களை அடக்கும் பகுதியில், மண்மேடுகள் வரிசையாக இருந்தன. சில மேடுகள் மழையில் கரைந்து தரையோடு தரையாகியிருந்தன. "எது, பாயீ?" என்று அவர் கேட்டார். மோதினார் பள்ளிவாசலின் பழைய நோட்டுப்புத்தகத்தைப் புரட்டினார். அந்த மாதத்துப் பக்கத்தில் "வடநாட்டார் – 1" என்று இரண்டு இடங்களில் எழுதியிருந்தது. பெயர் இல்லை. இடமும் இல்லை.

நான் செய்த தவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். மோதினாரின் காதருகே குனிந்து, "ஏதாவது ஓர் இடத்தைக் காட்டிவிடுங்கள், அவர் மனம் ஆறுதல் அடையட்டும்" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தெரியாத இடத்தைத் தெரியும் என்று சொன்னால், நாளை அல்லாஹ்விடம் நான்தானே பதில் சொல்லணும், பாய்" என்றார். அந்த இளைஞர் மையவாடி முழுவதற்கும் பொதுவாக ஸலாம் சொல்லி, துஆ செய்து, தம் தொலைபேசி எண்ணை எங்களிடம் கொடுத்துவிட்டு இரவு ரயிலுக்குப் போனார்.

இரண்டு மாதங்களுக்குப் பின் தொழில் கண்காட்சி ஒன்றுக்காகச் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்குச் சென்றிருந்தேன். நம்மூரிலிருந்து அங்கே செல்வோர் பலர். ஆனால் அதே சாலையில், நடந்து செல்லும் தூரத்தில், மதராஸ் போர்க் கல்லறைத் தோட்டம் இருப்பதைக் கவனித்தவர் சிலராகவே இருப்பர். மாலையில் ஒரு மணி நேரம் ஓய்வு கிடைத்தபோது அதனுள் நுழைந்தேன்.

1952ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட இடம் அது. இரண்டாம் உலகப்போரில் இறந்து, தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல ஊர்க் கல்லறைகளில் சிதறிக் கிடந்தோரை நிலையாகப் பேணுவதற்காக ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்த்தனர். 850க்கும் மேற்பட்டோர் அங்கே அடங்கியிருக்கின்றனர். முதல் உலகப்போர்க் காலத்தில் இறந்து, இந்தியாவின் பல்வேறு ஊர்களில் பராமரிக்க இயலாத இடங்களில் அடங்கிவிட்ட 1,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் தோட்டத்தின் பின்புறமுள்ள நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. கப்ர் கைவிட்டுப் போனாலும் பெயரைக் கைவிடவில்லை என்பது அதன் பொருள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இவற்றைப் பராமரிக்கிறது.

இத்தகைய தோட்டங்களில் தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல்தான். படைப்பிரிவின் சின்னம், சிப்பாயின் எண், பதவி, பெயர், இறந்த நாள் ஆகியவை அதில் இருக்கும். அவரவர் சமயத்தின் அடையாளம் பொறிக்கப்படும். முஸ்லிம் சிப்பாய் என்றால் அரபு எழுத்துகளைக் காணலாம். அங்கே நின்றபோது என் கண்முன் வந்தது எங்கள் கிழக்குச் சுவரோரத்து மண்மேடுகள்தாம். 80 ஆண்டுகளுக்கு முன் இறந்தவரை இன்று எவர் வந்து கேட்டாலும் இவர்களால் வரிசையும் எண்ணும் சொல்லிக் காட்ட முடிகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் நாமே குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுகை நடத்தி அடக்கிய ஒரு சகோதரரை நம்மால் காட்ட முடியவில்லை.

அன்று முதல், பெயர் தெரியாத படைவீரர் கப்ர்களில் இருப்போரை எவ்வாறு கண்டறிகின்றனர் என்பதைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்தவை நம் வாழ்வுக்கும் தீனுக்கும் மிக நெருக்கமானவையாக இருந்தன. அதனாலேயே இக்கட்டுரை.

பெயர் தெரியாத ஒரு படைவீரரின் கல்லில், அவர் யார் என்பதை இறைவனே அறிவான் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் இருக்கும். அவற்றைத் தேர்ந்து கொடுத்தவர் எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங். அவருடைய மகன் ஜான் 1915 செப்டம்பரில், 18 வயதில், பிரான்சின் லூஸ் போர்க்களத்தில் காணாமற்போனார். தந்தை எத்தனையோ ஆண்டுகள் தேடினார், கிடைக்கவில்லை. 1936இல் அவரும் இறந்தார். ஊரார் பிள்ளைகளுக்காக அவர் தேர்ந்த சொற்கள் அவருடைய மகனின் கல்லின் மீதே இருந்தன என்பதை அவர் அறியவே இல்லை. 1992ஆம் ஆண்டுதான், ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த பெயரறியா லெப்டினன்ட் ஒருவரின் கல் ஜான் கிப்ளிங்குடையது என ஆணையம் அறிவித்தது.

அந்த முடிவை எல்லாரும் ஏற்கவில்லை. ஜான் இறந்தபோது லெப்டினன்டாக இருந்தாரா, அதற்குக் கீழ்நிலைப் பதவியில் இருந்தாரா என்று சிலர் வினவினர். உடல் எடுக்கப்பட்ட இடம் அவர் கடைசியாகக் காணப்பட்ட இடத்திலிருந்து வெகு தொலைவில் இருக்கிறதே என்றும் கேட்டனர். மறுபடியும் ஆவணங்கள் பிரிக்கப்பட்டன. பதவி உயர்வுப் பதிவு கண்டெடுக்கப்பட்டது. உடலை எடுத்தோர் எழுதிவைத்த வரைபடக் குறியீட்டில் ஓர் எழுத்துப் பிழை இருந்திருக்க வேண்டும் என்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். குறிப்பெழுதிய ஒருவரின் கைப்பிழை எத்தனை ஆண்டுக் குழப்பமாக விரிந்தது என்று பாருங்கள்!

இந்த ஆய்வில் மந்திரம் எதுவும் இல்லை. ஏற்கெனவே அடக்கப்பட்ட உடலைத் தோண்டி டிஎன்ஏ பரிசோதனை செய்ய ஆணையம் இடம் கொடுப்பதில்லை. எல்லாம் காகிதத்தில்தான் நடக்கிறது. உடல் எங்கே, எப்போது எடுக்கப்பட்டது? உடையில் எந்தப் படைப்பிரிவின் பித்தான் இருந்தது? தோளில் எந்தப் பதவியின் குறி? அந்தப் பிரிவில் அந்தப் பதவியில் அந்த வட்டாரத்தில் காணாமற்போனோர் எத்தனை பேர்? அவர்களில் கப்ர் அறியப்பட்டோரை ஒவ்வொருவராக விலக்க வேண்டும். எஞ்சுபவர் ஒரே ஒருவர் என்றால் மட்டுமே பெயர் வைக்கலாம். இருவர் எஞ்சினால், கல் பெயரில்லாமல்தான் நிற்கும்.

இந்தியச் சிப்பாய்களைத் தேடும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே படைப்பிரிவில் ஒரே பெயருடையோர் பலர் இருப்பர். அப்துல் காதர் என்று நம் தெருவில் ஒருமுறை அழைத்துப் பார்த்தால் எத்தனை பேர் திரும்புவர் என்பது நமக்குத் தெரியுமே! அங்கே சிப்பாயின் எண், தந்தை பெயர், ஊர், மாவட்டம் ஆகியவையே ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுகின்றன. முதல் உலகப்போரில் பணியாற்றிய பஞ்சாபியர் சுமார் 3,20,000 பேரின் விவரங்கள் ஊர்வாரியாக எழுதப்பட்ட பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் பெரும்பாலும் படிக்கப்படாமல் கிடந்தன. அவற்றைக் கணினியில் ஏற்றும் பணி நடந்து, 2021இல் ஒரு பகுதி வெளியானது. பிரிட்டனில் வாழும் பேரப்பிள்ளைகள் தம் கிராமத்தின் பெயரைத் தேடிப் பாட்டனாரைக் கண்டடைகின்றனர். எழுதி வைத்தவர் என்றோ மறைந்துவிட்டார். எழுத்து மட்டும் கடமையைச் செய்துகொண்டிருக்கிறது.

அவசரப்பட்டுப் பெயர் வைத்தால் நேரும் தீங்குக்கு நூர் இனாயத் கானின் வரலாறு சான்று. அவர் திப்பு சுல்தானின் வழிவந்த பெண்மணி. நாம் வாழும் இந்தக் கொங்கு மண்ணும் 1799 வரை மைசூர் ஆட்சியில் இருந்ததன்றோ! சூஃபி இசைஞர் இனாயத் கானின் மகளான நூர், இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் இரகசியப் பிரிவில் கம்பியில்லாத் தந்தி இயக்குநராகச் சேர்ந்து, 1943இல் ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிசுக்கு அனுப்பப்பட்டார். சில மாதங்களில் பிடிபட்டார்.

போர் முடிந்தபின், திரும்பி வராதோரைத் தேடி வேரா அட்கின்ஸ் என்னும் அதிகாரி ஜெர்மனிக்குச் சென்றார். 1944 ஜூலையில் நாட்ஸ்வைலர் முகாமில் கொல்லப்பட்ட நான்கு பெண்களுள் ஒருவர் நூர் என்று, சாட்சிகள் சொன்ன உருவ அடையாளத்தை வைத்து முடிவு செய்தார். குடும்பத்துக்கும் அவ்வாறே அறிவிக்கப்பட்டது. பின்னர் வேறு சான்றுகள் வெளிப்பட்டன. நாட்ஸ்வைலர் சம்பவத்துக்குப் பின்னரும் நூர் ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் சங்கிலியில் கிடந்தார் என்பதும், 1944 செப்டம்பர் 13 அன்று டாகாவ் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதும் தெரியவந்தன. அட்கின்ஸ் தம் முடிவைத் திருத்திக்கொண்டார். அப்படியானால் நாட்ஸ்வைலரில் இறந்த அந்த நான்காவது பெண் யார்? சோனியா ஓல்ஷனெட்ஸ்கி என்னும் யூதப் பெண். நூரின் பெயரை அவர்மீது சார்த்தியதால், சோனியா எவராலும் தேடப்படாதவராகிவிட்டார்.

ஒரு தவறான அடையாளம் இரண்டு பேருக்கு இழைக்கும் அநீதி என்பதை இங்கே காண்கிறோம். ஒருவருக்குப் பொய்யான கப்ர்; மற்றவருக்குக் கப்ரே இல்லை. மோதினார் எனக்கு மறுத்தது இதைத்தான். ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரிக்க வேண்டும், அறியாமையால் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்தக் கூடாது என்று ஸூரா ஹுஜுராத்தில் அல்லாஹ் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறான். அக்கட்டளை இறந்தோர் பற்றிய செய்திக்கும் பொருந்தும்.

இவ்வளவு நுட்பமாகத் தேடியவர்களும் எல்லாரையும் ஒன்றுபோல் தேடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஈராக்கில் 40,000க்கும் மேற்பட்ட போர்வீரர்களுக்காக எழுப்பப்பட்ட பஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியர்களில் அதிகாரிகளின் பெயர்கள் மட்டும் பொறிக்கப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்கள், இன்ன படைப்பிரிவில் இத்தனை பேர் என வெறும் எண்ணிக்கையாகக் குறிக்கப்பட்டனர். அவர்களில் நம் சகோதரர்கள் எத்தனையோ பேர்! 2021 ஏப்ரலில் ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கோரியது. முதல் உலகப்போரில் இறந்த இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலானோரில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்றும் அந்த அறிக்கை ஒப்புக்கொண்டது.

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. ஜப்பானியர் அமைத்த சயாம்–பர்மா மரண ரயில்பாதையில் இறந்த போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் அங்குள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒழுங்கான வரிசைகளில் அடங்கியிருக்கின்றனர். அதே பாதையில், அதே காலராவிலும் பட்டினியிலும், மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் உட்பட ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாக இறந்தனர். அவர்களுக்குத் தனித்தனிக் கல் இல்லை. 1990இல் காஞ்சனபுரியில் ஒரு கூட்டுப் புதைகுழி தோண்டப்பட்டபோது எலும்புகள் வந்தன, பெயர்கள் வரவில்லை. கைதிகளுக்கு எண் இருந்தது, பட்டியல் இருந்தது, உயிர்பிழைத்த தோழர்கள் மறைத்து வைத்திருந்த குறிப்புகள் இருந்தன. கூலிக்காரருக்கு எவரும் பட்டியல் வைக்கவில்லை. ஆக, ஒரு மனிதர் கப்ரில் பெயரோடு இருப்பதும் இல்லாமற்போவதும் அவர் இறந்த பிறகு தீர்மானிக்கப்படுவதில்லை. உயிரோடு இருக்கும்போது அவரை யார் எழுதி வைத்தார் என்பதே அதைத் தீர்மானிக்கிறது.

சகோதரர்களே! இந்த விசாரிப்பு நமக்கு எவரோ கற்றுத்தர வேண்டிய ஒன்றா? இல்லவே இல்லை.

ஒரு போர் முடிந்த வேளையில் நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம், எவரையேனும் இழந்திருக்கிறீர்களா என்று வினவினார்கள். தோழர்கள் இன்னார் இன்னார் என்று சில பெயர்களைச் சொன்னார்கள். மீண்டும் வினவினார்கள், மீண்டும் சில பெயர்கள். மூன்றாம் முறை கேட்டபோது, இனி எவரும் இல்லை என்றார்கள். அப்போது நபியவர்கள், நான் ஜுலைபீபைக் காணவில்லையே, அவரைத் தேடுங்கள் என்றார்கள். ஜுலைபீப் (ரலி) பேர்பெற்ற குலத்தவர் அல்லர். எவருடைய பட்டியலிலும் அவர் பெயர் வரவில்லை. தேடியபோது, எதிரிகள் எழுவரை வீழ்த்திவிட்டு அவர்களுக்கு அருகிலேயே அவர் வீழ்ந்து கிடந்தார். நபியவர்கள் அவரருகே வந்து நின்று, இவர் என்னைச் சேர்ந்தவர், நான் இவரைச் சேர்ந்தவன் என்று கூறி, தம் இரு கைகளிலும் அவரை ஏந்திக்கொண்டார்கள். கப்ர் தோண்டப்படும்வரை அந்தக் கைகளே அவருக்குக் கட்டிலாக இருந்தன. ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி இது. பட்டியலில் விடுபட்டவரைப் பெயர் சொல்லித் தேடியது நம் நபியின் வழிமுறை.

மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிச் சுத்தம் செய்துவந்த ஒருவரின் நிகழ்ச்சியும் நாம் அறிந்ததே. அவர் இரவில் இறந்தபோது, சிறிய விஷயம் என்று எண்ணித் தோழர்கள் நபியவர்களுக்குத் தெரிவிக்காமல் அடக்கிவிட்டார்கள். சில நாள் காணாததால் நபியவர்களே விசாரித்தார்கள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார்கள். கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுதார்கள். அந்தத் தோழர்களிடம் காட்டுவதற்கு ஒரு கப்ர் இருந்தது. இன்று எங்கள் மையவாடியில் அதே கேள்வி கேட்கப்பட்டபோது எங்களிடம் விடை இருந்ததா?

உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அடக்கப்பட்டபோது, ஒருவரால் தூக்க முடியாத ஒரு கல்லை நபியவர்களே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு சுமந்து வந்து தலைமாட்டில் வைத்தார்கள். தம் சகோதரரின் கப்ரை அடையாளம் கண்டுகொள்வதற்காக என்று காரணமும் கூறினார்கள். இது அபூதாவூதில் உள்ளது. கப்ரைக் கட்டி எழுப்புவதும், அதன்மேல் எழுதுவதும் கூடாது என்ற ஹதீஸ்களை நாம் அறிவோம். அதில் நமக்குள் உள்ள கருத்து வேறுபாடுகளை இங்கே நான் இழுக்க விரும்பவில்லை. அடையாளத்துக்கு ஒரு கல் போதும். பெயர் எழுத ஒரு பதிவேடு போதும். இவ்விரண்டையும் மறுப்பவர் நம்மில் எவரும் இல்லை.

சிலர் கேட்கலாம்: ஆங்கிலேயனின் படையில் கூலிக்குப் போனவர்கள் யார் என்று தேடி நமக்கு என்ன ஆகப்போகிறது? நியாயமான கேள்விதான். ஆனால் ஒருவரின் பெயரை அறிவது அவர் ஏவப்பட்ட போரை ஏற்றுக்கொள்வது ஆகாது. அவர்களில் பெரும்பாலோர் நிலமும் நெல்லும் இல்லாத வீட்டுப் பிள்ளைகள். முதல் உலகப்போரில் அவர்களின் மார்க்கத்தையே இரு பேரரசுகளும் விளம்பரமாக்கின. முஸ்லிம் போர்க்கைதிகளைத் தம் பக்கம் இழுக்க ஜெர்மனி 1915இல் வூன்ஸ்டார்ஃப் முகாமில் ஒரு பள்ளிவாசல் கட்டியது. முஸ்லிம் வீரர்களைப் பிரிட்டன் முறைப்படி அடக்குவதில்லை என்ற பிரசாரத்துக்குப் பதிலாக, வோக்கிங் நகரப் பள்ளிவாசலுக்கு அருகே பிரிட்டன் ஒரு முஸ்லிம் அடக்கத்தலம் அமைத்தது. பிற்காலத்தில் அது சிதைவுக்குள்ளாகி, 1960களின் இறுதியில் அங்கிருந்தோர் வேறிடத்துக்கு மாற்றப்பட்டனர். 2015இல் அந்த இடம் அமைதிப் பூங்காவாகப் புதுப்பிக்கப்பட்டு, அங்கே அடங்கியிருந்த 27 பேரின் நினைவாக 27 மரங்கள் நடப்பட்டன. பேரரசுகளின் கணக்கு முடிந்துவிட்டது. அந்த 27 பேரும் எஞ்சியிருப்பது தத்தம் பெயரால்தான்.

இன்னும் சிலர், எல்லாம் அல்லாஹ் அறிவான், நாம் எழுதாவிட்டால் என்ன என்பர். அல்லாஹ்வுக்கு நம் பதிவேடு தேவையில்லை என்பது உண்மையே. பதிவேடு கிஷன்கஞ்சில் படுத்திருக்கும் தாய்க்குத் தேவை. இறந்தவரின் கடனை அடைக்கவும், வாரிசுரிமையைப் பங்கிடவும், விதவையின் இத்தாவைக் கணக்கிடவும், அனாதைப் பிள்ளைகள் உரிய உதவி பெறவும், இன்னார் இன்ன நாளில் இறந்தார் என்ற எழுத்து தேவை. கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதி வைத்துக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

இனி நம் ஊருக்கு வருவோம். ஏற்றுமதிப் பனியன் கம்பெனிகளில் தையல் ஊசி உடைந்தால் என்ன செய்கிறோம்? தையலை நிறுத்திவிட்டு, உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடி எடுத்து, பதிவேட்டில் ஒட்டி, தேதியும் மெஷின் எண்ணும் எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகே புது ஊசி கொடுக்கிறோம். ஒரு துண்டு கிடைக்காவிட்டால், அங்குள்ள பீஸ்களையெல்லாம் தனியே ஒதுக்கிப் பரிசோதிக்கிறோம். பையர் கேட்டால் இந்த ஆடையின் நூல் எந்த லாட், எந்தச் சாயப்பட்டறை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஊசியை ஓட்டிய கைகள் ஓய்ந்தபோது "வடநாட்டார் – 1" என்று எழுதுகிறோம்! இதில் எந்தக் கம்பெனியையும் குறை சொல்ல நான் வரவில்லை. எழுதியவர்கள் நாங்கள்தாம், எங்கள் ஜமாஅத்தின் கைதான்.

கொரோனாக் காலத்தில் நம் இளைஞர்கள் சாதி மதம் பாராமல், எவரும் தொட அஞ்சிய உடல்களை எடுத்து அடக்கம் செய்தார்கள். அத்தகைய கைகள் உள்ள சமூகத்துக்கு ஒரு பதிவேடு பெரிய சுமையன்று. ஜமாஅத் நிர்வாகிகளுக்கு நான் முன்வைக்கும் வேண்டுகோள் இதுதான்.

முதலாவதாக, மையவாடிக்கு ஒரு வரைபடம் வேண்டும். வரிசைக்கு ஓர் எழுத்து, கப்ருக்கு ஓர் எண். தலைமாட்டில் அந்த எண்ணுள்ள சிறு கல் போதும்.

இரண்டாவதாக, அடக்கப் பதிவேடு. பெயர், தந்தை பெயர், தாய் பெயர், கிராமம், காவல் நிலைய எல்லை, மாவட்டம், மாநிலம், வீட்டாரின் தொலைபேசி எண், வேலை பார்த்த இடம், ஹிஜ்ரி நாள், ஆங்கில நாள், கப்ரின் எண், குளிப்பாட்டியவர், ஜனாஸாத் தொழுகை நடத்தியவர் என அனைத்தும் அதில் வேண்டும். ஊர்ப்பெயரை நம் காதில் விழுந்தபடி எழுதாமல், இறந்தவரின் மொழி தெரிந்த ஒருவரைக் கொண்டு அவர்கள் எழுத்திலும் நம் எழுத்திலும் எழுத வேண்டும். கிப்ளிங் மகனின் கதையில் ஓர் எழுத்துப் பிழை செய்த வேலையை மறக்க வேண்டா. பதிவேட்டின் ஒரு படி பள்ளிவாசலிலும் இன்னொரு படி வேறிடத்திலும் இருக்கட்டும்.

மூன்றாவதாக, இறப்பை 21 நாட்களுக்குள் அரசிடம் பதிவு செய்வதை ஜமாஅத்தே பொறுப்பேற்று முடித்து, சான்றிதழைக் குடும்பத்துக்கு அனுப்ப வேண்டும். பெயர் தெரியாத உடல் வந்தால், உடை, தழும்பு, கிடைத்த இடம், காவல் நிலைய வழக்கு எண் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். பின்னர் ஒருநாள் தேடி வருவோருக்கு அந்தக் குறிப்பே வழி.

நான்காவதாக, இறந்தபின் எழுதுவதைவிட, இருக்கும்போதே அறிந்துகொள்வது சிறந்தது. ஜுமுஆவில் நம் பக்கத்தில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் பீகார், வங்காள, ஜார்க்கண்ட் சகோதரரின் பெயர் நமக்குத் தெரியுமா? பெருநாளன்று அவரை ஒருவேளை உணவுக்கு அழைத்தால் பெயரும் ஊரும் தானே தெரிந்துவிடும்.

சென்னையிலிருந்து திரும்பியபின் மோதினாரும் நானும் அமர்ந்து, படைவீரர் கப்ர்களுக்குச் செய்வதைப் போலவே காகிதங்களைத் திரட்டினோம். கம்பெனியின் வருகைப் பதிவேட்டிலிருந்து அவர் கடைசியாக வேலைக்கு வந்த நாள் கிடைத்தது. மாநகராட்சியின் இறப்புப் பதிவிலிருந்து இறந்த நாள் கிடைத்தது. கப்ர் தோண்டியவருக்கு அந்த வாரம் பெய்த மழை நினைவிருந்தது. எந்த வரிசை என்று சொன்னார். அந்த வரிசையில் அந்த வாரம் அடக்கப்பட்டவர்கள் மூவர். ஒருவர் உள்ளூர்ப் பெரியவர். அவர் பிள்ளைகள் அடையாளக் கல் வைத்திருந்தார்கள். அவரை விலக்கினால், அருகருகே இரண்டு மேடுகள் எஞ்சின. அவற்றில் எது அந்தத் தம்பியுடையது என்பதை எங்களால் அறுதியிட முடியவில்லை.

இளைஞருக்குத் தொலைபேசியில் உள்ளது உள்ளபடி சொன்னோம். அடுத்த மாதம் மீண்டும் வந்தார். இரண்டு மேடுகளுக்கும் நடுவே நின்று ஸலாம் சொன்னார். துஆவுக்குக் கையேந்துமுன் எங்களைத் திரும்பிப் பார்த்து, "மற்றவர் பெயர் என்ன, பாயீ? அவருக்கும் கேட்க வேண்டுமே" என்றார்.

தன் தம்பியைத் தேடி வந்தவருக்குத் தோன்றிய கேள்வி, மூன்று ஆண்டுகளாக அங்கே ஸலாம் சொல்லிக் கடந்த எங்களுக்குத் தோன்றவில்லை. நாங்கள் திரட்டிய காகிதங்களிலும் ஒருவரைத்தான் தேடியிருந்தோம். தலைகுனிந்து நின்றோம். மறுநாளே மாநகராட்சிக்குச் சென்று, அதே வாரத்து இறப்புப் பதிவுகளைக் கேட்டு, அந்தப் பெயரையும் கண்டெடுத்தோம். ஜார்க்கண்டைச் சேர்ந்தவர். எங்கள் புதிய பதிவேட்டின் முதல் பக்கத்தில் இப்போது இரு பெயர்களும் தந்தை பெயரோடு இருக்கின்றன. அவற்றுக்கு எதிரே, இரண்டில் எது எவருடையது எனத் தெரியவில்லை என்ற குறிப்பையும் மோதினார் தம் கையால் எழுதியிருக்கிறார்.

வல்ல அல்லாஹ், பெயர் தெரிந்தோரும் தெரியாதோருமாக மண்ணுக்குள் சென்றுவிட்ட நம் சகோதர சகோதரிகள் அனைவரின் பிழைகளையும் பொறுத்து, அவர்களின் கப்ர்களை விசாலமாக்கி ஒளிமயமாக்குவானாக! உயிரோடு இருப்போரை விசாரித்து அறியும் உள்ளத்தை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.